எட்டு வருஷத்துக்கு முந்தைய முருகவேல்

அத்தியாயம் 14

முருகவேல் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்தபோது கடைக்குள்ளிருந்து ஓர் ஆம்பளைக் குரல் கேட்டது.

"வாங்க... வாங்கம்மா வாங்க... இன்னைக்கு வுட்டா நாளைக்கு இல்ல..."

அதைத் தொடர்ந்து சங்கவியின் சிரிப்பு.

காலை ஏழரை மணி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் டீக்கடையைத் தவிர எதுவும் திறக்கவில்லை. குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். கட்டின பெண்டாட்டி, பாதி மூடின கடை, உள்ளே ஒருத்தன். எவனாக இருந்தாலும் ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஷட்டரை ஒரே மூச்சில் மேலே தள்ளினான்.

சங்கவி தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. லேப்டாப் பக்கத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தவன் வேறு யாரும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய முருகவேல்.

வேறு எவனாவது இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கலாம். இவனை என்ன செய்வது?

"இன்னா அவ்ளோ சிரிப்பு?" என்றான். தகரத்தில் ஆணி கீறுவதுபோல் வந்தது குரல்.

"இத கேளு மாமா. வளையல் கட வெளம்பரம். 'வாங்கம்மா'ன்னு சொல்றப்ப நீயே சிரிச்சிட்ட. சிரிப்ப வெட்டிடலாம்னு பாத்தேன். மனசு வரல."

"நா சிரிச்சனா?"

"பின்ன? நம்ப கல்யாணம் ஆன வருசம். அப்பல்லாம் சிரிப்ப."

"இப்ப?"

"இப்ப பேசாத. டாக்டர் இன்னா சொன்னாரு?"

டாக்டர் சொன்னது போன அத்தியாயத்திலேயே நமக்குத் தெரியும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை ஒருநாள் ஏலம் கூவச் சொன்னார்கள். அன்றைக்குப் பிறந்த குரல் அது. பன்னிரண்டு வருஷமாகத் தியாகதுருகத்திலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் வெங்காயம் விற்கிற வண்டி, துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடியேற்றம், சாவுச் செய்தி எல்லாமே முருகவேல் தொண்டையில்தான். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்ப்பதுபோல் குரல் நாணில் காய்ப்புக் காய்த்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாசம் பேச்சைக் குறைக்க வேண்டும், கத்தக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது. இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும்.

அதற்கு மறுநாள்தான் சங்கவி பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துத் தூசி தட்டினாள்.

அவள் களமருதூர்ப் பெண். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு. லீவு நாளில் அம்மாவோடு நடவுக்குப் போய்க்கொண்டே பாலிடெக்னிக் படித்தவள். எடிட்டிங் பார்த்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி சென்னைக்குப் போனபின், ரெண்டு வருஷமாகக் கடையில் கம்ப்யூட்டர் அவளுடையது. அவள் வைத்திருக்கிற ஆடியோ சாஃப்ட்வேர் காசில்லாமல் கிடைப்பது. அதோடு சேர்த்துக்கொள்ளச் சில துணை மாட்யூல்கள் உண்டு. அதில் ஒன்று இன்னும் சோதனையில் இருப்பது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 'உங்கள் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்' என்று எச்சரிக்கும். அதை இயக்கிவிட்டால், வெளியிலிருந்து நாம் எழுதுகிற ஸ்கிரிப்ட் சொல்கிறபடியெல்லாம் சாஃப்ட்வேர் கேட்கும்.

முருகவேலின் பழைய பதிவுகளை அவள் சொல் சொல்லாக நறுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். நாலாயிரத்துச் சொச்சம் சொல். இனி விளம்பரத்தை டைப் அடித்தால் போதும். ஸ்கிரிப்ட் போய் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, ஓரம் தெரியாமல் ஒட்டி, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைக் கால் செகண்டாகக் குறுக்கி, பைலாக்கிக் கொடுத்துவிடும். அவன் அரைநாள் மைக் முன்னால் உட்கார்ந்து செய்த வேலை மூன்று நிமிஷம்.

இருபது நாளாக வாடிக்கைக்காரர் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "கொரலு முன்னைக்கு இப்ப நல்லா கீதே" என்றுகூட ஒரு மீன்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல்தான் முருகவேலின் வயிற்றில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, முடிஞ்சிதா?" என்று கேட்டபடி அருள் மூன்று டீயோடு நுழைந்தான். முருகவேலின் தம்பி. குட்டியானை வண்டியின் தலையில் ரெண்டு கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, அண்ணன் குரலை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது அவன் பிழைப்பு. "பொன்னுரங்கம் அண்ணன் காலைல இருந்து மூணு போனு. மத்தியானத்துக்குள்ள மலைல சொல்லியாவணும்ன்றாரு."

பொன்னுரங்கம் கல்வராயன் மலையில் ஆடு வளர்ப்போர் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மலையில் ஆட்டுக்கொல்லி நோய் வந்திருந்தது. மூக்கொழுகும், வாய் புண்ணாகும், கழியும், ஒரு வாரத்தில் பட்டியே காலி. நாளை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளிமலையில் தடுப்பூசி. ஒரே ஒரு நாள். ஐஸ் பெட்டியில் வருகிற மருந்து காத்திருக்காது. பதினாலு கிராமத்துக்கும் இன்றைக்கே சேதி போக வேண்டும்.

சங்கவி டைப் அடித்துப் பொத்தானைத் தட்டினாள். திரையில் சிவப்பு வரி ஒன்று வந்து நின்றது.

'இந்தச் சொல் இல்லை: ஆட்டுக்கொல்லி.'

முருகவேலின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எப்பிடி இருக்கும்? நா சொன்னாத்தான இருக்கும்?" டீயை வைத்துவிட்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தான். இருபது நாளைக்கப்புறம் அந்த ஸ்டூல்.

"மாமா, வாணாம்."

"ஒத்த வார்த்த. உசுரா பூடும்? ஆன் பண்ணு."

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் தடவை 'ஆட்டு' வந்தது, 'கொல்லி' கரகரத்தது. ரெண்டாம் தடவை 'கொ' வந்தது, மீதிக்குக் காற்றுதான். மூன்றாம் தடவை இருமல்.

"போதும்" என்றாள் சங்கவி. திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அவள் தேடல் கட்டத்தில் எதையோ அடித்தாள். கறிக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. 'இளம் ஆட்டுக்கறி.' அதன் வாலை வெட்டினாள். உரக்கடை விளம்பரம் ஒன்று. 'பூச்சிக்கொல்லி.' அதன் தலையை வெட்டினாள். ரெண்டையும் சேர்த்து, ஒட்டின இடத்தை ரெண்டு தடவை தேய்த்துவிட்டு ஓடவிட்டாள்.

"ஆட்டுக்கொல்லி!" என்றான் அந்த முருகவேல். பிறந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்போல் சுத்தமாக.

அருள் தொடையைத் தட்டினான். "அண்ணி! கறிக்கடயயும் உரக்கடயயும் சேத்து வெச்சி ஆட்டுக்கு வைத்தியம் பாத்துட்டீங்களே!"

ஒற்றைச் சொல்லுக்குக்கூட ஆள் வேண்டாம். முருகவேல் ஸ்டூலிலிருந்து எழுந்து டீயை எடுத்தான். ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுத்து, அவன் பக்கம் முழுசாகத் திரும்பி, வேலை தெரிந்தவனிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டாள்.

"மாமா, மலைக்கு நீ எப்பவும் நேர்ல போயி மைக்ல பேசுவ. ரெக்கார்டு பண்ணி அனுப்பறது இதான் மொத தடவ. டவுனுக்குப் போடற மாதிரியே போட்டா போதுமா? வேற எதுனா பாக்கணுமா?"

பார்க்க வேண்டியது ஒன்று இருந்தது. மலையில் பேசுகிற எவனுக்கும் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் நின்று ஒரு வரி சொன்னால் எதிர்ச்சரிவு அதை அப்படியே திருப்பிச் சொல்லும். அது சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். விரல்விட்டு நாலு எண்ணி, அப்புறம் அடுத்த வரி. அவசரப்பட்டால் நாம் சொல்வதும் மலை சொல்வதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். கால் செகண்டு இடைவெளிக்கு மலை மசியாது.

முருகவேல் டம்ளரை வைத்தான்.

"ஒண்ணும் வாணாம். அப்பிடியே அனுப்பு."

"நெஜமா?"

"அதான் சொல்றன்ல."

அவள் நம்பினாள். பைலை அருளின் போனுக்குத் தள்ளினாள்.

பொய் சொன்னவனுக்கு நெஞ்சு உறுத்தியதா என்றால், இல்லை. பசியோடு இருந்தவன் முதல் கவளத்தை வாயில் வைத்ததுபோல் இருந்தது. போடா, போ. கச்சிராயபாளையத்தில் கத்தினாய், மார்க்கெட்டில் கத்தினாய். மலையில் கத்திப் பார்.

"நானும் போயிட்டு வரேன்" என்றான்.

"நீ எதுக்கு?"

"சும்மா. காத்தாட."

"வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் சங்கவி. தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து அவன் தொண்டையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். "மேல குளுரும்."

அந்தக் கைச்சூடு கோமுகி அணை தாண்டும்வரை கழுத்தில் இருந்தது. அவன் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டான்.

வண்டி மலையேறியது. அருள் வழியெல்லாம் அண்ணி புராணம்தான் பாடினான்.

"ஸ்கிரிப்டுல ஒரு வரி நாலு எடம் தள்ளி ஆரம்பிக்கணுமாம்ணா. ஒண்ணு தப்பினா மொத்தமும் படுத்துக்குமாம். 'நடவு மாதிரிடா, வரிச தப்பினா களயெடுக்க முடியாது'ன்றாங்க. இன்னா மூள பாத்தியா!"

"ரோட்ட பாத்து ஓட்டு."

"உனுக்கு கொடுத்து வெச்சிகீது. நீ வூட்ல படுத்துக்கினே சம்பாதிக்கலாம்."

முருகவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் கிராமத்துக்கு நேர் எதிர் வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே பள்ளம். அந்தப்பக்கச் சரிவில் சாமைக்காடு. ஏழெட்டுப் பேர் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அருள் போனைச் சொருகி ஓடவிட்டான்.

"ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு! ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி முகாம். நாளை சனிக்கிழமை..."

முதல் வரி கணீரென்று போனது. ரெண்டாவது வரி கிளம்பும்போதே முதல் வரி எதிர்ச்சரிவிலிருந்து திரும்பி வந்து அதன் தலையில் உட்கார்ந்தது. மூன்றாவது வரியில் மூன்று முருகவேல்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். காட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து, காதோரம் கையை வைத்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவர் கையை விரித்துக் காட்டினார்.

அருள் சத்தத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட மலையும் கூடக் கத்தியது.

"இன்னாண்ணா இது, கொழகொழன்னு?"

முருகவேல் தெரியாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான். உள்ளுக்குள் ஒரு சின்னத் திருவிழா. இருபது நாளாக அடைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே போனது.

ரெண்டாவது கிராமத்திலும் அதே கதை. மூன்றாவதில் ஆட்களே திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது வளைவில் அருளின் போன் அடித்தது. பொன்னுரங்கம்.

"யப்பா, இன்னா அனுப்பி கீறீங்க? ஒண்ணுமே புரியலன்றான் ஊர்ல. தண்ணி லாரி வருதா, சினிமா வண்டியான்னு கேக்கறான். ஊசி நாளைக்குப்பா! நாளன்னிக்கு இல்ல!"

அருள் முகம் வெளுத்துவிட்டது. இதுதான் முருகவேல் காத்திருந்த நேரம். டேஷ்போர்டிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"அண்ணா! அண்ணி கொன்னுடுவாங்க!"

"நவுரு. பன்னண்டு வருசமா இந்த மலைல பேசனவன் நானு."

வண்டியிலிருந்து இறங்கி வளைவின் ஓரத்தில் நின்றான். மூச்சை இழுத்தான். "ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு!"

வாயை மூடிக்கொண்டு விரல் எண்ணினான். ஒன்று, ரெண்டு, மூன்று.

மலை திருப்பிச் சொன்னது. கூட்டிக் குறைக்காமல், உள்ளது உள்ளபடி. கிழிந்த தகரம் ஒன்று பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டு அவனிடமே வந்து விழுந்தது. தன் கிழிந்த குரலை அவனே வெளியிலிருந்து கேட்டது அன்றுதான்.

விடவில்லை. ரெண்டாவது வரியைச் சொன்னான். மூன்றாவதில் தொண்டைக்குள் எதுவோ அறுந்ததுபோல் சுரீரென்றது. அதற்குப்பின் வாய் அசைந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. மைக்கில் புஸ்புஸ் என்ற மூச்சு மட்டும் கேட்டது.

மேட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பது வயசிருக்கும். தலையில் விறகுச்சுமை. தைலம்மாள் என்று அப்புறம் தெரிந்தது. சுமையை இறக்காமலே நின்று முருகவேலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, காலைல இருந்து என்னமோ கத்திக்கினு கீறீங்க, ஒரு எழவும் வெளங்கல. முன்ன ஒருத்தரு வருவாரே, அவரு வரலியா?"

"யாரும்மா?" என்றான் அருள்.

"பேரு இன்னா தெரியும்? கொரலு மணி மாதிரி இருக்கும். நின்னு நிதானமா சொல்லுவாரு. மல சொல்லி முடிக்கட்டும்னு காத்துக்கினு இருந்து சொல்லுவாரு. அந்த பக்கத்து ஊட்டு செவுட்டுக் கெழவனுக்கும் புரியும். அவர அனுப்ப சொல்லுப்பா. இந்த மாதிரி தொண்ட கட்ன ஆள எல்லாம் கூட்டியாந்தா?"

அருள் அண்ணனைப் பார்த்தான். முருகவேல் வாயைத் திறந்தான். அது நான்தான். ரெண்டே சொல். நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டையில் காற்றாகப் போனது.

"போன வாரம் ரெண்டு குட்டி போச்சி" என்றாள் தைலம்மாள் தன் பாட்டுக்கு. "இந்தா, இந்த வெள்ளச்சிக்கு மூக்கு ஒழுவுது. எதுனா ஊசி போடறாங்களாமே, எப்பன்னு கேக்கலாம்னுதான் எறங்கி வந்தேன். எல்லாரும் எறங்கி வர முடியுமா?"

அருள் நாள், நேரம், இடம் எல்லாம் சொன்னான். அவள் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசியாக நடந்த வெள்ளை ஆடு அடிக்கொரு தரம் தலையை உதறி மூக்கைத் துடைத்துக்கொண்டே போனது.

இன்னும் பத்து கிராமம். சொல்லிவிட்டு வந்த மூன்றும் கணக்கில் இல்லை. மணி பதினொன்று.

முருகவேல் மைக்கை இருக்கையில் போட்டான். போனை எடுத்தான். சிக்னல் இல்லை. வளைவுக்கு மேலே கோடு கிடைக்கிற பாறை ஒன்று அவனுக்குத் தெரியும். ஏறினான். பேச முடியாது, டைப் அடித்தான். மூட்டை தூக்கின விரலுக்கு எழுத்தெல்லாம் சின்னதாக இருந்தது.

'ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நாலு செகண்டு வுடு. மல திருப்பி சொல்லும்.'

ரெண்டு டிக்கும் நீலமானது. ஆறு நிமிஷம் கழித்துப் புது பைல் வந்தது. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருப்பாள், அவ்வளவுதான். பைலுக்குக் கீழே ஒரு வரி.

'காலைல கேட்டனே மாமா.'

பதில் அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான், அழித்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

அதே வளைவில் அருள் புது பைலை ஓடவிட்டான்.

"ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு!"

அமைதி. மலை அதை வாங்கி, நிதானமாகத் திருப்பிக் கொடுத்தது.

"ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி முகாம்."

மலை ஒத்துக்கொண்டது. அந்தப்பக்கச் சரிவில் ஆட்கள் குடிசைகளைவிட்டு வெளியே வந்தார்கள். ஒருத்தர் துண்டை ஆட்டிப் புரிந்தது என்று காட்டினார். அருள் பெருமூச்சு விட்டான்.

முருகவேல் வண்டியில் சாய்ந்து நின்றான். இந்தப் பக்கம் அந்தப் பழையவன் பேசுகிறான், அந்தப் பக்கம் மலை பதில் சொல்கிறது. ரொம்ப நாள் பழகினவர்கள்போல். நாலு செகண்டு இடைவெளியையும் இவனே அவனுக்குக் கொடுத்துவிட்டான். இனி அவனுக்கு இல்லாதது என்று எதுவும் இல்லை.

சாயங்காலம் நாலரைக்கு வண்டி கடை வாசலில் வந்து நின்றபோது பதினாலு கிராமமும் முடிந்திருந்தது. அருள் உள்ளே போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சந்தியா பள்ளிவிட்டு வந்து ஒரு மூலையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பையோடு இன்னொரு துணிப்பையும் கட்டிவைத்திருந்ததை அவன் அப்புறம்தான் பார்த்தான்.

சங்கவி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேஜைமேல் தள்ளினாள்.

"பேசாத. எழுதிக் குடு. தெரிஞ்சேதான சொல்லல?"

தாளைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். மலை எதிரொலிக்கும் என்பதே மறந்துவிட்டது என்று எழுதலாம். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று எழுதலாம். எழுத ஆயிரம் இருந்தது. பேனாவை எடுத்து ரெண்டே எழுத்து எழுதினான்.

'ஆமா.'

அவள் அதைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. லேப்டாப்பை இழுத்து அதே சொல்லை டைப் அடித்துப் பொத்தானைத் தட்டினாள்.

"ஆமா!" என்றான் ஸ்பீக்கரில் இருந்தவன். கணீரென்று, ஓரத்தில் ஒரு சிரிப்போடு. ஏதோ ஜவுளிக்கடை தள்ளுபடியில் சொன்ன ஆமா.

"இவன் சொன்னா கோவம்கூட வரமாட்டுது, பாரேன்" என்றாள்.

முருகவேல் ஸ்பீக்கரை முறைத்தான்.

"இன்னா மொறைக்கற? உனுக்கு அவன் மேல பொறாம. சரி. ரெண்டு பேரும் ஒரே ஆளு, அடிச்சிக்கினு கெடங்க, எனுக்கின்னா? நடுவுல அந்தம்மாவோட ஆடு இன்னா பாவம் பண்ணிச்சி?" குரல் உயரவில்லை. குழந்தை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டு பேசினாள். "எங்கம்மா வெச்சிக்கினு இருந்ததும் ரெண்டு ஆடுதான். ஒண்ணு செத்தப்ப மூணு நாளு வூட்ல ஒல வெக்கல. உனுக்கு அது தெரியும்."

அவன் தாளை இழுத்து வேகமாக எழுதினான். 'நீ அவன் கூடவே இருக்கற. நாள் பூரா.'

படித்துவிட்டு அவள் தாளை அவன் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நீ மூணு மாசம் பேசாம இருந்தா கொரலு வரும்னு டாக்டர் சொன்னாரு. மூணு மாசம் கட ஓடணும், நீ பேசக் கூடாது. அதுக்குத்தான் அவன தோண்டி எடுத்தேன்." ஹெட்போனைக் கழற்றி லேப்டாப்மேல் வைத்தாள். "இன்னைக்கு கத்திட்டு வந்துட்ட. இருவது நாளும் போச்சி."

துணிப்பையைத் தோளில் மாட்டினாள்.

'எங்க?' என்று எழுதினான்.

"களமருதூரு. சனி, ஞாயிறு லீவுதான. திங்கக்கெழம வரேனா இல்லியான்னு அங்க போயி யோசிச்சிக்கறேன். தோசமாவு வூட்ல கீது." வாசலில் நின்று திரும்பினாள். "லேப்டாப்ப மூடாத. பைல் ஏறிக்கினு கீது. அந்த மாட்யூல் பாதில நின்னா எல்லாம் பூடும்."

சந்தியா கையாட்டினாள். ரெண்டு பேரும் சந்து முனையில் திரும்பி, உளுந்தூர்ப்பேட்டை பஸ் நிற்கிற பக்கம் போய் மறைந்தார்கள். கூப்பிட வாய் திறந்தான். அங்கே காற்றுதான் இருந்தது.

கடைக்குள் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். இன்னும் சூடாக இருந்தது. திரையில் பச்சைக்கோடு ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அது நிரம்பி முடிந்ததும் டைப் அடிக்கிற கட்டம் காலியாகக் கண்சிமிட்டியது.

ஒற்றை விரலால் அடித்தான். 'முருகவேல்.'

"முருகவேல்!" என்றான் அவன், ஊருக்கே மாப்பிள்ளை மாதிரி.

'கள்ளக்குறிச்சி.' சொன்னான். 'வெள்ளிமலை.' சொன்னான். 'மன்னிப்பு.' அதையும் ஏதோ கடை இடம் மாறின அறிவிப்பிலிருந்து எடுத்துச் சொன்னான். எதைக் கேட்டாலும் வைத்திருந்தான்.

முருகவேல் யோசித்தான். பிறகு நாலே எழுத்தை மெதுவாக அடித்தான்.

ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. சிவப்பு வரி வந்து நின்றது.

'இந்தச் சொல் இல்லை: சங்கவி.'

மறுபடி தட்டினான். மறுபடி அதே வரி. பன்னிரண்டு வருஷத்துப் பதிவு, நாலாயிரம் சொல், அத்தனையிலும் அவனிடம் அது இல்லை. யார் விளம்பரத்தில் எவன் பெண்டாட்டி பெயரைச் சொல்லப்போகிறான்? அது வீட்டில் சொன்னது. இவன் சொன்னது.

முதல் தடவையாக அந்த ஆளைவிட ஒரு சொல் அதிகமாக வைத்திருந்தான் முருகவேல்.

எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தான். மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கோடு, ஒரு மேடும் பள்ளமும் இல்லாமல், அவன் வாயைப் பார்த்தபடி நகர ஆரம்பித்தது.